பெயர் முதலில், அட்டை பிறகு: விவேக் நகரிலிருந்து ஒரு வாக்குரிமை வரலாறு

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் வாக்களித்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சட்டத்தின் பார்வை வேறு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தன் 62ஆம் பிரிவில், வாக்களிக்கும் உரிமையை வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரோடு பிணைக்கிறது. பெயர் இருந்து அட்டை இல்லாதவர், ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, ஒளிப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் எனத் தேர்தல் ஆணையம் ஏற்கும் மாற்று ஆவணங்களுள் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். அட்டை இருந்து பெயர் இல்லாதவர் வாக்குச்சாவடியிலிருந்து திரும்ப வேண்டியதுதான். புதிய வாக்காளருக்கு உதவ முன்வருவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே. பெயருக்கும் அட்டைக்கும் இடையே இந்த உறவு அமைந்ததற்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

அதைப் படித்தறியப் பெங்களூருவின் விவேக் நகர் பொருத்தமான இடம். குழந்தை இயேசு ஆலயத்தால் ஊர் முழுக்க அறியப்பட்ட இப்பகுதி, தமிழர் பேச்சில் ‘தண்டு’ என வழங்கும் பழைய கன்டோன்மென்ட்டின் தென்கிழக்கு விளிம்பை ஒட்டியது. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, வண்ணாரப்பேட்டை எனச் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்கள். வாடகை வீடும், மொத்தத் தொகை கொடுத்துக் குடியேறும் லீசு வீடும் இங்கே இயல்பான வாழ்க்கை முறை. விவேக் நகர் சாந்திநகர்ச் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. அடுத்திருக்கும் ஈஜிபுரா பி.டி.எம். லேஅவுட் தொகுதியைச் சேர்ந்தது. லீசு முடிந்து கூப்பிடு தூரத்தில் வேறு வீடு பார்த்தாலே தொகுதி மாறிவிடக்கூடும். வீடு மாறுகிறவரைப் பட்டியல் எப்படிப் பின்தொடர்வது என்ற கேள்வி இங்கே ஏட்டளவில் நிற்பதன்று.

வாக்கு என்பது ஒரு காலத்தில் சொத்தின் நிழலாக இருந்தது. இந்திய சமஸ்தானங்களிலேயே முதலாவதான மைசூர் பிரதிநிதி சபை 1881இல் திவான் ரங்காச்சார்லு காலத்தில் 144 உறுப்பினரோடு கூடியபோது, அங்கே அமர்ந்தோர் பெரும்பாலும் நிலமுடையோரும் வணிகரும்தான். தண்டுப் பகுதியோ 1947 ஜூலை வரை மைசூர் அரசின் ஆளுகைக்கு வெளியே, ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. நகரின் இரு பாதிகளும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயின. அதே காலத்தில்தான் சொத்தும் கல்வியும் கேளாத வாக்குரிமைக்கான பட்டியலும் நாடெங்கும் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டியல் அரசமைப்புச் சட்டத்திற்கு மூத்தது. அரசமைப்பு நிர்ணய சபையின் செயலகம் 1948இலேயே மாநிலங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் வழிகாட்டுதல் அனுப்பிப் பெயர் சேர்க்கும் பணியைத் தொடங்கிவிட்டது. 21 வயது நிறைவும், ஓரிடத்தில் குறைந்தது 180 நாள் வசிப்பும் தகுதிகளாயின. உடனே எழுந்தது அகதிகள் சிக்கல். பிரிவினையால் எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கானோருக்கு 180 நாள் கணக்கு ஏது? ஓரிடத்தில் நிலையாக வாழும் எண்ணமுண்டு என்று அவர்கள் தரும் உறுதிமொழியை ஏற்றுப் பெயர் எழுதும்படி செயலகம் பணித்தது. ஆவணம் இல்லை என்பதற்காக மனிதரை விலக்காமல், மனிதருக்கேற்ப விதியைத் தளர்த்திய முடிவு அது. இந்தக் கடிதப் போக்குவரத்தை ஆவணக் காப்பகங்களிலிருந்து மீட்டெடுத்த ஆய்வாளர் ஆர்னிட் ஷானி, 2018இல் வெளியான தம் நூலில், இந்திய மக்களாட்சி பட்டியல் தயாரிப்பின் வழியாகவே நடைமுறைக்கு வந்தது என்று வாதிடுகிறார்.

அந்தப் பெருமைக்குள் ஒரு தோல்வியும் உண்டு. முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 17.3 கோடி. ஆனால் வட மாநிலங்களில் பெண்கள் பலர் கணக்கெடுக்க வந்தவரிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாயினர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்தார். சொந்தப் பெயரைச் சேர்க்க அவகாசம் தரப்பட்ட பின்னும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டனர். விதி நியாயமானது, இழப்பும் உண்மையானது. வாசலில் நின்று ‘அம்மா, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்’ என்று பொறுமையாகக் கேட்பதற்கு ஆளில்லாத இடங்களில் உரிமை கைநழுவியது.

அட்டை வெகுகாலம் கழித்தே வந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க நாடு நம்பியது விரல் மையை. மைசூரிலுள்ள அரசு நிறுவனமான மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் 1962 முதல் அதைத் தயாரித்து வழங்குகிறது. அதற்கு முன்பே, 1960இல், கல்கத்தா தென்மேற்கு நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தலுக்காக ஒளிப்பட அட்டை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆண் ஒளிப்படக்காரர் முன் நிற்கப் பெண்கள் பலர் மறுத்தனர். வீடு தேடிச் சென்றபோது பலர் வீட்டில் இல்லை. முயற்சி கைவிடப்பட்டது. டி.என். சேஷன் 1993இல் பிறப்பித்த ஆணைதான் ஒளிப்பட அடையாள அட்டையை நாடு முழுமைக்கும் கொண்டுவந்தது. 1995 ஜனவரி 1க்குப் பின் அட்டை வழங்காத மாநிலத்தில் தேர்தல் இல்லை என்றுகூட அவர் அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அட்டை வழங்கப்படாததைக் காரணமாக்கித் தேர்தல் நிறுத்தப்படவில்லை.

அதே 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் ஆழமானது. தில்லியிலும் பம்பாயிலும் எளிய மக்கள் வாழும் பகுதிகளில், குடியுரிமையை நிறுவு, இல்லையேல் பெயர் நீக்கம் என்று அறிவிப்புகள் அனுப்பப்பட்டிருந்தன. ஏற்கெனவே பட்டியலில் உள்ள பெயர் உரிய நடைமுறைப்படி சேர்க்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும், உரிய விசாரணையின்றி அதை நீக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் என்ற கேள்விக்கு இதுவே விடை.

புதிய வாக்காளருக்கான கதவும் இதற்கிடையே அகன்றது. 61ஆம் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஆனாலும் ஜனவரி 1 என்ற ஒற்றைத் தகுதி நாள் நீடித்தது. ஜனவரி 2இல் பதினெட்டு நிறைந்தவர் ஓராண்டு காத்திருந்தார். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் நான்கும் தகுதி நாள்களாயின. பதினேழு நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஏற்கெனவே பெயருள்ளவர் வீடு மாறினாலோ விவரம் திருத்த விரும்பினாலோ படிவம் 8.

விதி எளிது, முட்டுக்கட்டை வேறெங்கோ இருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே ‘சாதாரணமாக வசிப்பவர்’ ஆகிவிட மாட்டார் என்கிறது. சட்டம் உடைமையைக் கேட்கவில்லை, வாழ்வைக் கேட்கிறது. படிவமோ முகவரிக்கு மின் கட்டண ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றைக் கேட்கிறது. மின் ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பதினொரு மாத வாடகைத்தாளைப் பதிவு செய்வோர் அரிது. தமிழருக்குப் பெயரிலும் ஓர் இடர் உண்டு. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னே, இன்னோர் ஆவணத்தில் தந்தை பெயராக விரிந்து பின்னே நிற்கும். இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் வழக்கில் இல்லை. எனவே எழிலரசி கன்னடத்தில் எளிலரசி ஆவாள். மூன்று எழுத்துமுறைகளைக் கடந்து வரும் பெயர் மூன்று பெயராகத் தோன்றுவதில் வியப்பில்லை.

முகவரியே அழிந்துபோகும் நிலையும் இப்பகுதி கண்டதே. 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் நலிந்தோர் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டபோது ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. பலர் நடைபாதைகளில் தங்கினர். சிலர் சர்ஜாபூர்ச் சாலைக்கு அப்பாலுள்ள சூலிகுண்டேக்கு அனுப்பப்பட்டனர். ஆவணத்தில் இருந்த முகவரி நிலத்தில் இல்லை. இத்தகையோரைத் தேர்தல் ஆணையத்தின் கையேடு மறக்கவில்லை என்பது ஆறுதல்: வீடற்றவரிடம் முகவரிச் சான்று கேட்க வேண்டியதில்லை, அவர் குறிப்பிட்ட இடத்தில் உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் இரவுக்கு மேல் சென்று பார்த்தால் போதும். 1948இன் அகதிகள் முடிவிலிருந்த மனிதநேயம் இந்த விதியிலும் தொடர்கிறது. ஆனால் விதி இருப்பது அதற்குரியவருக்குத் தெரிய வேண்டுமே.

உதவுவோருக்கும் வரலாறு ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. 2022 நவம்பரில், வாக்காளர் விழிப்புணர்வுக்கென அனுமதி பெற்ற ஒரு தனியார் அறக்கட்டளை பெங்களூருவில் மக்களின் விவரங்களைத் திரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது, அனுமதி விலக்கப்பட்டது. சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா தொகுதிகளில் பெயர் சேர்ப்பையும் நீக்கத்தையும் மீண்டும் சரிபார்க்க ஆணையம் உத்தரவிட்டது. படிவம் நிரப்பக் கை கொடுப்பது உதவி. ஆவண நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது உதவி ஆகாது.

2025இல் பீகாரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் அந்தப் பழைய கேள்வியை மீண்டும் முன்னிறுத்தியது. வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. விடுபட்டோர் பட்டியலைக் காரணத்தோடு வெளியிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அப்பணி தமிழ்நாட்டிற்கும் வந்தது.

1948இல் அரசே வாசலுக்கு வந்து பெயரைக் கேட்டது. இன்று பதினெட்டு வயதினர் ஆவணங்களோடு அரசைத் தேடிச் செல்கின்றனர். இந்த இடைவெளியை இணைய வசதி குறைத்திருந்தாலும், வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது முழுதாக மூடவில்லை. எஞ்சியதை அண்டை வீட்டார் செய்ய முடியும்: வீட்டுக்காரரிடம் ஒரு சொல் பேசுவது, பெயரின் எழுத்துகளை மூன்று ஆவணங்களிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது, படிவம் 6 கொடுத்ததற்கான எண்ணைக் குறித்து வைக்கச் சொல்வது, வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளில் பெயர் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. அட்டை தொலைந்தால் மறுபடி வாங்கலாம். பட்டியலில் பெயர் இல்லை என்பது வாக்குப்பதிவு நாளன்று தெரிய வந்தால், அந்தத் தேர்தலுக்கு அதன்பின் செய்வதற்கு எதுவுமில்லை.