ரெண்டு மார்க் கேள்விக்குப் பின்னால் ஒரு ஆறு

அண்ணன் மகன் ஆம்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. இரண்டாம் வருடம் படிக்கிறான். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினான்.

"சித்தப்பா, 'பொல்யூட்டர் பேஸ்' கொள்கைன்னா என்ன? ரெண்டு மார்க்தான். ரெண்டு வரி சொன்னா போதும்."

சொன்னேன். மாசுபடுத்தியவரே, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும் கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும். எழுதிக்கொண்டான். "இது எந்த வழக்குல வந்ததுன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். புத்தகத்தில் 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய அரசு, 1996' என்று ஒரு வரி இருக்கிறதாம். அது அவன் ஹாஸ்டலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பாலாற்றைப் பற்றிய வழக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

நானும் பி.இ. தான், தொண்ணூறுகளின் கடைசியில். எங்களுக்கு இந்தப் பாடமே கிடையாது. இவர்களுக்கு 'சுற்றுச்சூழல் அறிவியலும் நீடித்த வளர்ச்சியும்' என்று ஒரு பேப்பர் இருக்கிறது. எல்லா பிரிவினரும் எழுதியாக வேண்டும். பாஸ் ஆனால் போதும் என்று எல்லோரும் தள்ளிவிடும் பேப்பர். இது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்ததில், பாடத்தின் கதையும் ஆற்றின் கதையும் ஒரே வருடத்தில், ஒரே நீதிமன்றத்தில் போய் நின்றன.

முதலில் ஆறு.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகப் போய் வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஓடுகிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வருடத்தின் பெரும்பகுதி மேலே வெறும் மணல், தண்ணீர் மணலுக்கு அடியில். ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோன ஊர்கள் இவை. மேலே ஓடும் ஆற்றில் கழிவைக் கொட்டினால் ஒரு வெள்ளத்தில் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போகும். அடியில் இருக்கும் ஆற்றில் கொட்டினால் அது அங்கேயே தங்கும், பக்கத்துக் கிணறுகளுக்குள் மெதுவாக நகரும். இதைப் புரிந்துகொள்ளாமல் பாலாற்றின் கதை புரியாது.

தோல் தொழில் இங்கே பழையது. அன்று ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவார்கள், நாள் கணக்கில் ஆகும். குரோம் போட்டுப் பதனிடுவதை சென்னை மாகாணத்தில் 1900களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். அவர் குறிவைத்தவற்றில் ஒன்று, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையில் கட்டுகிற தோல் பை. குரோம் தோல் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. அதாவது குரோம் இந்தப் பக்கம் வந்தபோது கிணற்றுக்கு உதவி செய்யத்தான் வந்தது. இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரிய மாற்றம் 1970களில். சீதாராமையா குழு 1972-இல் கொடுத்த பரிந்துரைகளை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. தோலாக அனுப்பாதே, முழுதாகத் தயாரித்து, செருப்பாக, ஷூவாக அனுப்பு, அந்நியச் செலாவணி அதிகம் வரும் என்பது கணக்கு. தப்பான கணக்கு இல்லை. பல லட்சம் பேருக்கு வேலை வந்தது. என் மாமா ஒருவர் வாணியம்பாடியில் டேனரியில் வேலை பார்த்துத்தான் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஆனால் முன்பு இங்கே பாதி வேலையைச் செய்து அனுப்பி, மீதியை ஐரோப்பாவில் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது முழு வேலையும் இங்கே, அதன் கழிவும் இங்கே. எந்தக் கொள்கை ஆவணமும் 'கழிவையும் இறக்குமதி செய்கிறோம்' என்று எழுதாது. நடந்தது என்னவோ அதுதான்.

குரோமியம் என்றால் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். விவசாயியைக் கேட்டால் உப்பு என்பார். நான் விவசாயி பக்கம். தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் டேனரிக்கு வரும், தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட. முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு முடி நீக்குவார்கள். அதற்குப் பிறகுதான் குரோம். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுகும் பொருளை பாக்டீரியா தின்றுவிடும், குரோமியத்தைப் படிய வைத்து சேறாக எடுத்துவிடலாம். உப்பு? கரைந்தது கரைந்ததுதான். எந்த பாக்டீரியாவும் தின்னாது, எந்தத் தொட்டியிலும் படியாது. சவ்வு வழியாகப் பிழிந்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்தால்தான் தனியாக வரும். அதற்கு மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். அப்படி எடுத்தாலும் கடைசியில் யாருக்கும் வேண்டாத உப்பு மூட்டைகள் மலையாகக் கிடக்கும். முதல் வருடக் கெமிஸ்ட்ரியின் நிறை அழியா விதி தான். உள்ளே போன உப்பு எங்காவது இருந்தே ஆக வேண்டும். பல வருடங்களாக அது இருந்த இடம் பாலாற்று மணலுக்கு அடியில்.

மண்ணில் சோடியம் ஏறினால் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறி, மேலே பாளமாக இறுகும். தண்ணீர் இறங்காது. இறங்கிய தண்ணீரையும் உப்பு பிடித்துவைத்துக்கொள்வதால் வேரால் இழுக்க முடியாது. இதெல்லாம் நான் பின்னால் படித்தது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது, பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னை மரத்தில் காய் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போனது. தாத்தா 1994-இல் நிலத்தை மனை போடுபவரிடம் விற்றார். ஊரில் அதிசயம் இல்லை அது. வரிசையாக எல்லோரும் விற்றார்கள்.

இப்போது வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மனு எண் 914. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. (தீர்ப்பில் மாவட்டப் பெயர்களைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும்: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்.ஜி.ஆர். இதோடு திருச்சி.) இந்த ஐந்து மாவட்டங்களில் 900-க்கு மேற்பட்ட டேனரிகள். பாதியாகவோ முழுதாகவோ விவசாயத்துக்கு உதவாமல் போன நிலம் 35,000 ஹெக்டேர் என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எண்ணிப்பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, ஆபத்து வரும் என்று அறிவியல் நூறு சதவீதம் நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, ஆபத்தில்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் செய்பவரின் பொறுப்பு. இரண்டு, மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும். இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. பொல்யூட்டர் பேஸ் இந்தியாவுக்கு முதலில் வந்ததே வேலூர் வழக்கில்தான் என்று நம் ஊர்ப்பெருமைக்குச் சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. அதே வருடம் பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கில் அதைச் சொல்லியாகிவிட்டது. முன்னெச்சரிக்கையையும் இதையும் சேர்த்து, நீடித்த வளர்ச்சி என்ற ஒரே குடைக்குள் வைத்துச் சட்டமாக்கியது வேலூர்.

ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. மனுதாரர் தரப்பில் வாதாடிய எம்.சி. மேத்தாவுக்குத் தமிழ்நாடு அரசு 50,000 ரூபாய் தர வேண்டும் என்றும் உத்தரவு.

இந்த மேத்தாதான் என் அண்ணன் மகனுடைய பேப்பருக்கும் காரணம். வேலூர்க்காரர்கள் மனுப் போட்ட அதே 1991-இல், நவம்பர் 22 அன்று, மேத்தாவே மனுதாரராக இருந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. சினிமா தியேட்டரில் ஒவ்வொரு காட்சியிலும் குறைந்தது இரண்டு சுற்றுச்சூழல் ஸ்லைடு காட்ட வேண்டும், அது உரிமத்தின் நிபந்தனை. ரேடியோ, டிவியில் தினமும் சில நிமிடங்கள். பள்ளி, கல்லூரியில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடம். 'மரம் வளர்ப்போம்' ஸ்லைடு போட்டதும் விசில் அடித்த தலைமுறை நான், அது நீதிமன்றம் போட்ட ஸ்லைடாக இருந்திருக்கலாம் என்று இந்த வயதில் தெரிகிறது.

ஸ்லைடு வந்தது, பாடம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடியும் பிடித்து உலுக்கிய பிறகுதான் யூஜிசி வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் கல்லூரிகளுக்குக் கட்டாயமானது. 50 வகுப்பு, எட்டு அலகு. எட்டாவது அலகு களப்பணி. பக்கத்தில் உள்ள மாசுபட்ட இடம் ஒன்றுக்கு நேரில் போய்ப் பார்த்து ஆவணப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. 100 மார்க்கில் 25 அதற்கு. நல்லா யோசித்துச் செய்த பாடத்திட்டம் என்றே சொல்வேன். எத்தனை கல்லூரியில் அந்த 25 மார்க் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை வாசகர்களே சொல்லலாம்.

சரி, பணம் வந்ததா?

ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்துக்கான இழப்பீட்டை அறிவித்தது. 29,193 பேருக்கு மொத்தம் 26.82 கோடி ரூபாய். பெரிய தொகை மாதிரி தெரியும். வகுத்துப் பார்த்தேன், தலைக்கு சராசரியாக 9,200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கணக்கில் எடுத்த காலம் 1991 ஆகஸ்டிலிருந்து 1998 முடிய, 88 மாதத்துக்கு மேல். மாதம் நூறு ரூபாய் சொச்சம். ஒரு குடும்பத்துக் கிணறு கெட்டதற்கு. இதில் மண்ணைத் திருத்தும் செலவு இல்லை. அந்த நூறு ரூபாயும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடியுங்கள், மாசுபடுத்தியவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டது 2025 ஜனவரி 30-இல். என் தொழிலில் சொல்வதானால் 1991-இல் திறந்த டிக்கெட், 34 வருடம் கழித்தும் ஓப்பன்.

இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பல டேனரிகள் மூடப்பட்டன, கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டுக்குப் பல கோடி செலவழித்தார்கள். அதிலும் விபரீதம் உண்டு. 2015 ஜனவரி கடைசி நாள், ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்துப்போனார்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுத்து வைத்த சேறு.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாத்தா விற்ற நிலத்துக்குப் போனோம். முழுக்க வீடுகள். கிணறு மட்டும் ஒரு வீட்டுக்குப் பின்னால், மேலே கம்பி வலை போட்டு இருக்கிறது. தண்ணீர் பதினைந்தடியில் நிற்கிறது, நல்ல மழை இந்த வருடம். இவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி இருக்கே, யூஸ் பண்றதில்லையாக்கா?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டான்.

"பாத்திரம் கழுவக்கூட ஆகாதுப்பா" என்றார் அவர். "வெள்ளையா பூத்துக்கும். கேன் தண்ணிதான், நாப்பது ரூபா."

இவன் போனை எடுத்து ஏதோ தட்டினான். என்னடா என்று பார்த்தேன். நாப்பதை முப்பதால் பெருக்கிக்கொண்டிருந்தான்.