நோயாளியின் படமும் நோயின் படமும்
புதுவை யானைக்கால் நோயை முன்னிட்டு ஒரு வரலாற்றுக் குறிப்பு

புதுச்சேரியில் மேனாட்டு மருத்துவக் கல்வி, பிரெஞ்சுக்காரர் 1823-இல் நிறுவிய மருத்துவப் பள்ளியோடு தொடங்கிற்று. அப்பள்ளியே 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் இன்று நாம் ஜிப்மர் என்றழைக்கும் நிறுவனமாயிற்று. பிரெஞ்சு ஆட்சியில் பாடமொழி பிரெஞ்சு. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலோ, 1847-இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனெரி மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கென நூல்களையும் ஆக்கினார். சொல்லுக்கு மொழி வேண்டும். படத்திற்கு அது வேண்டியதில்லை என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

சலனப்படத்தை மருத்துவத்திற்கு முதலில் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் டுவாயென். லூமியேர் சகோதரர் 1895 டிசம்பரில் பொதுமக்களுக்குப் படம் காட்டினர். மூன்றாண்டு கழிவதற்குள், 1898-இல், டுவாயென் தமது அறுவைகளைப் படமாக்கி எடின்பரோவில் கூடிய மருத்துவர்களுக்குக் காட்டினார். திரையில் தம் கைகளைக் கண்ட பின்னரே தம் பிழைகளை உணர்ந்து திருத்திக்கொண்டதாகவும் அவர் கூறினார். கற்பிப்பவரே கற்றார் என்பது கருதத்தக்கது.

ஆனால் அவரது படங்களுள் மிகவும் பேசப்பட்டது வேறொன்று. ஒரிசாவில் உடல் ஒட்டிப் பிறந்து, காட்சிப் பொருளாக மேனாடுகளில் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்ட ராதிகா, தூதிகா என்னும் சிறுமியரை அவர் 1902 பிப்ரவரியில் பிரித்தெடுத்தார். தூதிகாவுக்குக் காசநோய் இருந்தது. அவள் சில நாட்களில் மாண்டாள். ராதிகா மறு ஆண்டு மறைந்தாள். மருத்துவருக்கென எடுக்கப்பட்ட படமோ ஒளிப்பதிவாளர் வழியாக வெளியேறி, சந்தைத் திடல்களில் காசுக்குக் காட்டப்பட்டது. பிழைத்திருந்தபோது காட்சிப் பொருளாயிருந்தவர்கள் இறந்த பின்னும் அவ்வாறே ஆயினர். டுவாயென் வழக்குத் தொடுத்தார், 1905-இல் வென்றார். தீர்ப்புக் காத்தது அவருடைய உரிமையை.

இந்நிகழ்ச்சியை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. படத்திற்கு உடல் கொடுத்தவருக்கு அப்படத்தால் என்ன நேர்கிறது என்னும் கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும், எழவில்லை.

நம் நாட்டில் மிஷனெரிகளின் மாயவிளக்குப் படங்கள் சுவிசேஷக் கதையையும் சுகாதாரத்தையும் ஒரே வெள்ளைத் துணியில் காட்டின. விளக்கின் அருகே நின்று தமிழில் விளக்கியவரின் பேச்சே பாதிப் படம். பின்னர் 1948-இல் மத்திய அரசு திரைப்படப் பிரிவை நிறுவியது. கொட்டகைகளில் முதன்மைப் படத்துக்கு முன் அதன் செய்திப் படங்கள் கட்டாயமாக ஓடின. அவற்றின்போது தேநீர் அருந்த வெளியே நின்றோர் எத்தனை பேர் என்பதை வாசகர் அறிவர்! சிற்றூர்களுக்கோ விளம்பரத் துறையின் வண்டிகள் இரவில் வந்து திரை கட்டின.

இனி புதுவையின் நோய்க்கு வருவோம். யானைக்கால் என்றவுடன் சுவரொட்டியிலும் சரி, திரையிலும் சரி, வீங்கிய காலையே காட்டுவது நெடுநாள் வழக்கம். காண்போர் அஞ்சுவர், அஞ்சினால் எச்சரிக்கையாக இருப்பர் என்பது எண்ணம். அஞ்சியது உண்மை, ஆனால் யாரைக் கண்டு? அக்காலை உடைய அயலாரைக் கண்டு. இங்கேதான் படம் தவறான ஆளைச் சுட்டுகிறது. வீக்கம் பல ஆண்டுகளுக்குப் பின் வரும் விளைவு. அந்நிலையை அடைந்தோர் பலரின் குருதியில் நுண்புழுக்கள் காணப்படுவதில்லை. கொசுவுக்குப் புழுவை வழங்குபவரோ, பெரும்பாலும் வெளியடையாளம் ஏதுமின்றி, திரைமுன் நலமாய் அமர்ந்திருப்பவர். பெண் கேட்டு வருவோர் திரும்பிச் சென்றதும், நோயுற்றோர் வீட்டுக்குள் ஒடுங்கியதும் இப்படத்தால் மட்டும் நேர்ந்தவை என்று நாம் சொல்லோம். படம் அவற்றுக்குத் துணை நின்றது என்போம்.

உண்மையில் காட்ட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. மனிதக் குருதியில் அப்புழுக்களை 1872-இல் கல்கத்தாவில் கண்டவர் லூயிஸ். கொசுவுக்கும் அவற்றுக்குமுள்ள தொடர்பை 1877-இல் சீனாவின் அமோய் நகரில் கண்டவர் மான்சன். புழுக்கள் இரவில்தான் வெளிக்குருதியில் மிகுதியாக உலவும். கியூலெக்ஸ் கொசுவும் இரவில்தான் கடிக்கும். திறந்தவெளிப் படக்காட்சியும் இரவில்தான்! கொசுவைப் பற்றிய படத்தைக் காண அமர்ந்தவரின் கணுக்காலில் அதே கொசு அமர்ந்திருக்கும்.

1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுவையில் நோய்பரப்பி உயிரிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. அதன் இயக்குநர் பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரின் கொசு உற்பத்தி இடங்களே இலக்காயின. காலன்று, சாக்கடையும் கழிவுநீர்க் குழியும் நோயின் முகமாக முன்வைக்கப்பட்டன. ஒரு கண்ணாடிக் குவளையில் வீட்டுக்காரரின் சாக்கடை நீரையே எடுத்து, நெளியும் புழுக்களைக் காட்டுவதைக் காட்டிலும் சிறந்த ஒளிப்படம் வேறில்லை என்பது நம் கருத்து. அவ்வைந்தாண்டு உழைப்பில் கொசு குறைந்தது. திட்டம் முடிந்தபின் மீண்டும் பெருகிற்று; அதன் விளைவை அம்மையத்தாரே ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டனர்.

2004 முதல் நாட்டின் நோய்ப் பகுதிகளில் ஆண்டுக்கொருமுறை நலமாயிருப்போர்க்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வீடு வீடாகச் சென்ற ஊழியர்கள் அடிக்கடி கேட்ட மறுமொழி இது: “எங்கள் வீட்டில் யாருக்கும் கால் வீங்கவில்லையே, எங்களுக்கு எதற்கு?”