தடவிப் பார்த்தால் கணக்கு வரும்!

கோவை பட்டறைகளில் ‘கோ - நோ கோ கேஜ்’ என்று ஒரு சாமான் உண்டு. துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதை உள்ளே விடுவார்கள். ஒரு முனை நுழையணும். மறுமுனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் சோதனை! எண்ணைக் கண்ணால் படிக்கிற வேலையே இல்லை, கையே சொல்லிவிடும். அனுபவப்பட்ட மிஸ்திரி இரும்பைத் தடவிப் பார்த்தே, ‘இன்னும் ஒரு நூல் எடுக்கணுங்க’ என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ‘நூல்’.

ஆக, அளப்பதற்குக் கண் வேண்டும் என்று கட்டாயமில்லை. இது பட்டறைக்குத் தெரிந்த அளவுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை.

பார்வையில்லாத பிள்ளை என்றால், ‘பாவம், கணக்கெல்லாம் எதுக்கு?’ என்பதுதான் வெகுகாலமாக நம்முடைய எண்ணம். கணக்குக்குப் பதிலாக வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்று தேர்வு வாரியங்களும் சலுகை கொடுத்தன. கருணையோடு கொடுத்த சலுகைதான். ஆனால், கணக்கை விட்ட பிள்ளைக்கு அப்புறம் எத்தனை படிப்பு, எத்தனை வேலை கதவைச் சாத்திக்கொள்கிறது என்று யோசித்தோமா?

கருவி இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. 19-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் ஒரு பலகை செய்தார். அது நிறைய எட்டு மூலைத் துளைகள். அதில் ஒரு சின்ன உலோக ஆணியைச் செருக வேண்டும். எந்தத் திசையில் திருப்பிச் செருகுகிறோமோ, அதைப் பொறுத்து எண் மாறும். ஆணியின் இரண்டு முனைகளும் வேறு வேறு மாதிரி. ஆக எட்டு திசை, இரண்டு முனை, மொத்தம் பதினாறு குறிகள்! கூட்டல், பெருக்கல் எல்லாம் விரலிலேயே முடிந்துவிடும்.

அடுத்து அபாகஸ். விரல் பட்டாலே மணி நகர்ந்து, போட்ட கணக்கு கலைந்துவிடும் என்பதுதான் அதில் சிக்கல். அமெரிக்காவின் கென்டக்கியில் டிம் க்ரான்மர், 1962-ல், மணிகளுக்கு அடியில் மெத்தென்று ஒரு பட்டையைக் கொடுத்தார். மணி வழுக்கவில்லை, தள்ளினால் மட்டும் நகர்ந்தது. க்ரான்மருக்கும் பார்வை கிடையாது.

இந்தக் கதையில் நம்ம கோவைக்கும் ஒரு பங்கு உண்டு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களைப் பழக்கும் இடம் அது. அங்கே பேராசிரியராக இருந்தவர் எம்.என்.ஜி. மணி. பார்வையற்றோர் கல்விக்காக 1952-ல் உருவான உலக அமைப்பு ‘ஐசிஇவிஐ’. அதற்கு இவர் செயலாளர் நாயகமாக வந்தபோது, அதன் தலைமைச் செயலகமே கோவை விலாசத்துக்கு வந்துவிட்டது!

தாய்லாந்து, அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து 2005-ல் அவர் கொண்டுவந்த புத்தகம், பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணிதத்தை எளிமையாக்குவது பற்றியது. அபாகஸை எப்படிப் பிடிப்பது, கணிதக் குறிகளை பிரெய்லில் எப்படி எழுதுவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் புத்தகம். கணக்குக்கான அந்த பிரெய்லை உருவாக்கியவர் ஆப்ரகாம் நெமத். அவரும் பார்வையற்ற கணிதப் பேராசிரியர்தான்.

பெரிய செலவும் இல்லை. சென்டிமீட்டருக்கு ஒரு மேடு வைத்த ஸ்கேல் போதும், நோட்டின் நீளத்தை விரல் எண்ணிவிடும். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 டிகிரி என்பதைக் காட்டக் கரும்பலகைகூட வேண்டாம். காகிதத்தில் ஒரு முக்கோணம் வெட்டுங்கள். மூன்று முனைகளையும் அடிப்பக்கத்தில் ஒரே புள்ளிக்கு வருமாறு மடியுங்கள். இடைவெளியே இல்லாமல் ஒரு நேர்க்கோட்டில் உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், புரியும்!

சலுகை கொடுப்பது சுலபம், ஒரு கையெழுத்து போதும். ஸ்கேலையும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு வாத்தியாரையும் கொடுப்பதுதான் சிரமம். இன்றைக்கும் பல பள்ளிகளில் பாக்கி நிற்பது அதுதான்.

பட்டறையில் தடவிப் பார்த்தே அளவு சொல்கிறவரைக் ‘கைதேர்ந்தவர்’ என்று மெச்சுகிறோம். அதே வித்தையை வகுப்பில் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்கு மட்டும் எதற்கு விலக்கு?