தொகுதிக் கோடுகளும் நாஞ்சில் நாடும்

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களைக் குறிப்பதே பழைய வழக்கு. கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டைச் சேர்ந்தவை. இன்று நாம் குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் என்றே பாடிவிடுகிறோம். கவிஞர்க்கு அவ்வுரிமை உண்டு. தேர்தல் வரைபடமோ பாட்டைக் கேட்பதில்லை; இன்றுள்ள ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றுக்கும் நாஞ்சில் என்ற பெயர் இல்லை.

திருவிதாங்கூரில் வாக்குரிமை நெடுநாள் நிலத்தோடு பிணைந்திருந்தது. 1932ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலும் பெரும்பாலும் நிலவரி செலுத்துவோர்க்கே வாக்கு. அதனை எதிர்த்து ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் நடத்திய புறக்கணிப்பே நிவர்த்தனப் போராட்டம். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தது 1948 பிப்ரவரியில்தான்.

கிடைத்த வாக்கைத் தமிழர் எல்லை கேட்பதற்குப் பயன்படுத்தினர். 1952 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தின் 108 இடங்களில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு 8 இடங்களை வென்றது. சிறு எண்தான், ஆயினும் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை அந்த ஆதரவையும் நம்பியே நின்றது. 1953இல் அது விலக்கப்பட்டதும் கவிழ்ந்தது. 1954இல் 117 இடங்களில் 12. அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே தங்கிவிட்டன. மார்ஷல் நேசமணியின் பெயரை நாம் மறவாமைக்கு இவ்வளவும் காரணம். அடுத்த ஆண்டே குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

மாநில எல்லையை மக்களின் குரல் வரைந்தது. தொகுதி எல்லையை வரைவது தலைக்கணக்கு. அந்தக் கணக்கில் குமரி தோற்ற கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1971 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.22 இலட்சம், தமிழ்நாட்டினுடையது 4.12 கோடி. மாநிலத்தின் 234 இடங்களை இதற்கேற்பப் பகிர்ந்தால் குமரியின் பங்கு 6.9, ஆகவே ஏழு தொகுதிகள். 2001இல் மாவட்டம் 16.76 இலட்சம், மாநிலம் 6.24 கோடி. பங்கு 6.3 ஆகச் சுருங்கிற்று, ஆகவே ஆறு. முப்பதாண்டில் மாநிலம் 51 விழுக்காடு பெருக, குமரி 37 விழுக்காடே பெருகியது. பள்ளியும் மருத்துவமனையும் முன்னதாகவே வந்த மண்ணில் குடும்பங்கள் சிறுத்ததன் விலை ஓர் இருக்கை!

இதில் ஒரு முரண் உண்டு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படலாகாது என்றுதான் 1976இல் மாநிலங்களுக்குரிய இடங்கள் உறைய வைக்கப்பட்டன; 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆம் திருத்தம் அவ்வுறைவை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தமிழகம் தில்லியிடம் கேட்டுப் பெற்ற அந்த நியாயம், தமிழகத்துக்குள் ஒரு மாவட்டத்துக்குக் கிடைக்கவில்லை. 2003இன் 87ஆம் திருத்தம் மாநிலத்துக்குள் 2001 கணக்கைக் கொண்டு கோடுகளை மாற்ற வழி திறந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் சட்டப்படியே செய்தது. குறை ஆணையத்தினுடையது அன்று.

மறைந்தது திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்ட ஊர். நம்மாழ்வார் பாடிய தலம். ஜே. ஹேமச்சந்திரன் போன்ற தொழிற்சங்கத் தலைவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. 2006 தேர்தலோடு அப்பெயர் வாக்குச் சீட்டுப் பேச்சிலிருந்து அகன்றது. திருவட்டாறும் குலசேகரமும் இப்போது பத்மநாபபுரத்துள் அடங்கும்.

பறித்த அதே ஆணை ஒன்றைத் திருப்பியும் தந்தது. 2004 தேர்தல் வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி, மக்களவைக்குத் திருச்செந்தூரோடு சேர்ந்திருந்தது; ஏனைய ஆறும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில். 2009 தேர்தலில் குமரி முனையில் வாழ்பவரும் களியக்காவிளையில் வாழ்பவரும் ஒரே வேட்பாளர் பட்டியலைப் பார்த்து வாக்களித்தனர்.