பெயரில்லாப் பட்டியலும் பெயரிட்ட பதிலும்

அவதூறுக்கு எவ்வாறு பதில் சொல்வது என்ற கேள்வி புலம்பெயர்ந்த எமது சூழலுக்குப் புதிதல்ல. கையெழுத்தில்லாத துண்டுப்பிரசுரங்களையும், 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவைக்கப்பட்ட விவாதங்களையும் நாம் அறிவோம். மௌனம் காப்பது அல்லது திருப்பித் தாக்குவது ஆகிய இரண்டு வழிகளே உள்ளன என்பதுபோல் பெரும்பாலும் பேசப்படுகிறது. வேறொரு வழியை முயன்றவர்கள் 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள். அவர்களது நம்பிக்கையை ஏற்காதவர்களுக்கும் இந்த வரலாறு பயன்படும். ஆனால் அதன் வெற்றியோடு தோல்வியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் முக்கியமாக மூன்று. அவர்கள் நாத்திகர், இரவில் கூடி விளக்கை அணைத்து முறைகெட்ட உறவு கொள்பவர், குழந்தையைக் கொன்று தின்பவர். இவை எங்கிருந்து தோன்றின என்று ஊகிப்பது கடினமன்று. அவர்கள் அரசின் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தனர். ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்றழைத்து விடியுமுன் கூடினர். 'உடல்', 'இரத்தம்' என்று சொல்லி உண்டனர், பருகினர். அரைகுறையாகக் காதில் விழுந்த உண்மையிலிருந்து முழுப்பொய் பிறந்தது.

ஏறத்தாழ 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட ஆளுநர் பிளினியிடம் பல பெயர்கள் அடங்கிய ஒரு பட்டியல் வந்து சேர்ந்தது. எழுதியவரின் பெயர் அதில் இல்லை. விசாரித்த பிளினி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். அளவுகடந்த மூடநம்பிக்கை தவிர வேறெதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் உண்டது சாதாரண உணவே என்றும் பேரரசர் திராஜனுக்கு எழுதினார். பெயரில்லாக் குற்றச்சாட்டுகளை ஏற்கக்கூடாது, அது தமது காலத்துக்கு ஒவ்வாதது என்று திராஜன் பதில் எழுதினார். அதே கடிதத்தில், கிறிஸ்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டாம், ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டு நிரூபிக்கப்பட்டால் தண்டியுங்கள் என்றும் கட்டளையிட்டார். செயலுக்கல்ல, பெயருக்கே தண்டனை என்ற நிலை இவ்வாறு உறுதியாயிற்று.

இந்த நிலைக்கு எதிராகவே ஜஸ்டின் எழுதினார். இன்றைய நாப்லுஸ் நகரில் பிறந்து, ஊர்விட்டு வந்து உரோமில் மெய்யியல் கற்பித்தவர் அவர். 150களில் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு அவர் எழுதிய மறுப்புரையில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, தன் பெயரையும் தந்தை, பாட்டனின் பெயர்களையும் ஊரையும் தொடக்கத்திலேயே குறிப்பிட்டார். இரண்டாவது, அவர் சலுகை கேட்கவில்லை. விசாரியுங்கள், குற்றம் நிரூபணமானால் உரியபடி தண்டியுங்கள், இல்லையேல் வதந்திக்காகத் தண்டிக்காதீர்கள் என்றே கேட்டார். மூன்றாவது, மூடிய கதவைத் திறந்து காட்டினார். ஞாயிறு தோறும் கூடுவது, வாசிப்பது, அப்பமும் நீர் கலந்த திராட்சை இரசமும் பகிர்வது, சேர்ந்த பணத்தை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் அந்நியருக்கும் கொடுப்பது என அனைத்தையும் விபரித்தார். ஏறத்தாழ 165இல் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. நேர்மையான பதில் உயிரைக் காப்பாற்றும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை.

இந்த முறைக்கு வேதாகம அடிப்படை உண்டு. பேதுருவின் முதலாம் நிருபம், கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. குற்றம் செய்து அடிபடுவதில் பெருமையில்லை என்றும் சொல்கிறது. அதாவது, மறுப்பதற்கு முன் குற்றச்சாட்டில் உண்மை உண்டா என்று தன்னைத்தானே விசாரிக்கும் கடமை இருக்கிறது.

எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் பதில் சொல்லவில்லை. 177இல் பிரான்சின் லியோன் நகரில் சித்திரவதைக்கு அஞ்சிய வேலைக்கார அடிமைகள் தம் எசமானர்மீது நரமாமிசக் குற்றத்தைச் சுமத்தினர். பிளாந்தினா என்ற அடிமைப்பெண், தம்மிடையே தீமை எதுவும் நடப்பதில்லை என்ற ஒன்றையே வதையின் நடுவிலும் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலில் மறுதலித்துவிட்ட பிப்லிஸ் என்ற பெண், மிருக இரத்தத்தையே உண்ணாதவர்கள் குழந்தையை எப்படி உண்பார்கள் என்று கேட்டாள். அந்தத் திருச்சபையின் கடிதத்தை யூசேபியஸ் தன் வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார்.

தோல்வியும் இந்த எழுத்துகளுக்குள்ளேயே தொடங்குகிறது. மார்சியோன் போன்ற மாற்றுக் கருத்தாளரின் சீடர்களும் இத்தகைய செயல்களைச் செய்கிறார்களா என்பது தமக்குத் தெரியாது என்று ஜஸ்டின் எழுதினார். தன்மீது விழுந்த சந்தேகத்தை அடுத்தவன்மீது விழ அனுமதித்தார். 197இல் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன், குற்றவாளியென்றால் ஏன் தேடவில்லை, தேடத்தகாதவர் என்றால் ஏன் தண்டிக்கிறீர்கள் என்று திராஜனின் முரண்பாட்டைச் சிதறடித்தார். அதே தெர்த்துல்லியன், பின்னாளில் மொந்தானுஸ் இயக்கத்தின் பக்கம் சாய்ந்தபின், தான் விலகிய சபையின் அன்புவிருந்துகளில் ஒழுக்கக்கேடு நடப்பதாக எழுதினார். தான் மறுத்த பொய்யையே ஆயுதமாக எடுத்தார்.

அதிகாரம் கைக்கு வந்தபோது இதன் விளைவு பயங்கரமாயிற்று. 1144இல் இங்கிலாந்தின் நோர்விச்சில் ஒரு சிறுவன் இறந்து கிடந்தான். சில ஆண்டுகளின் பின் ஒரு துறவி அக்கொலையை யூதர்மீது சுமத்தி நூலெழுதினார். 1235இல் ஜேர்மனியின் ஃபுல்டாவில் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்துக்காகக் கொலை செய்தார்கள் என்று சொல்லி முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டனர். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் விசாரணை நடத்தி, 1236இல் அவர்களைக் குற்றமற்றவர் என அறிவித்தார். யூதச் சட்டம் மிருக இரத்தத்தையே விலக்குகிறது என்பது அவர் கண்ட காரணங்களில் ஒன்று. பிப்லிஸ் கேட்ட அதே கேள்விதான். 1247இல் பாப்பரசர் நான்காம் இன்னசென்ற்றும் இக்குற்றச்சாட்டைக் கண்டித்தார். பொய் நிற்கவில்லை. 1475இல் இத்தாலியின் திரெந்தோவில் இதே பழியால் யூதர்கள் கொல்லப்பட்டனர். இறந்த குழந்தை சீமோனுக்கு எழுந்த வழிபாட்டைத் திருச்சபை நீக்கியது 1965இல், 490 ஆண்டுகளின் பின்.

ஜஸ்டினிடமிருந்து நாம் கற்கவேண்டியது மிகுதி: பெயரோடு எழுதுவது, விசாரணையைக் கேட்பது, மறைக்காமல் திறந்து காட்டுவது. ஆனால் நேர்மைக்கான சோதனை அங்கு முடிவதில்லை. எம்மீது வந்த பொய்யை மறுக்க எம் எல்லோராலும் முடியும். அதற்குச் சுயநலமே போதும். எதிரணியில் நிற்பவர்மீது வந்த பொய்களில் எத்தனையை நாம் எழுதி மறுத்திருக்கிறோம்?