காது மெஷின் வாங்குறீங்களா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்க!

“சத்தம் கேக்குது, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல.” காது மெஷின் போட்ட பலர் சொல்வது இது. மெஷினை செட் செய்த விதமும் காரணமாக இருக்கலாம்.

ஆடியோமெட்ரி பரிசோதனையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி கொடுத்து, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று குறிப்பார்கள். வரைபடத்தில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இதை வைத்து கம்ப்யூட்டரே மெஷினை செட் செய்துவிடும்.

ஆனா, எல்லார் காதுக் குழாயும் ஒரே அளவா என்ன? அந்த முதல் செட்டிங்கில் கீச்சென்ற உயர் ஒலிகள் குறைந்துபோவது சகஜம். ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் அங்கேதான் தொலையும். அதனால், செவிப்பறைக்கு அருகே மெல்லிய குழாயை வைத்து, உள்ளே போய்ச் சேரும் ஒலியை அளந்து சரிசெய்யணும். பெயர் ‘ரியல் இயர் மெஷர்மென்ட்’. சில நிமிஷ வேலைதான்.

எல்லா இடத்திலும் இந்தக் கருவி இருக்காது. இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க.