உறைநிலையிற் சூலகம்: ஒரு நுட்பத்தின் வரலாறும் அதிற் பூனையினத்தின் இடமும்

அறிவியல் நுட்பமொன்றின் வரலாற்றை அதன் இறுதி வெற்றியிலிருந்து பின்னோக்கி எழுதுவது பெருவழக்கு. சூலக இழையத்தை உறையச் செய்து பேணிப் பின்னர் உடலில் ஒட்டும் முறையின் வரலாறும், பெரும்பாலும் 2004 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் நிகழ்ந்த ஒரு குழந்தைப் பிறப்பிலிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகின்றது. ஆயின், அம்முறையின் அடிப்படைச் சோதனைகள் அதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேலாக முன்னரே நிறைவேறிவிட்டன. நிறைவேறியவை ஏன் முப்பதாண்டுக்கு மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தன? மீட்டெடுக்கப்பட்ட பின்னரும், சுண்டெலிக்கும் செம்மறியாட்டுக்கும் மனிதருக்கும் கைகூடியது பூனையினத்துக்கு ஏன் எளிதிற் கைகூடவில்லை? இவ்விரு வினாக்களையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒட்டுதலின் தொடக்கம்

ஒட்டுக்கலை உறைத்தற்கலையினும் மூத்தது. 1896 இல் வியன்னாவில் எமில் நவர் என்பார் பெண்முயல்களின் சூலகங்களை அவற்றின் இடத்தினின்று அகற்றி, அவ்வுடலிலேயே வேறோரிடத்தில் ஒட்டினார். சூலகம் முற்றாக நீக்கப்பட்ட விலங்கிற் கருப்பை மெலிந்து சுருங்கும். ஒட்டுப் பிழைத்த விலங்குகளிலோ அது சுருங்கவில்லை. சூலகத்தின் ஆட்சி நரம்பு வழியாகவன்றிக் குருதி வழியாகவே நிகழ்கின்றது என்ற கருத்துக்கு இச்சோதனை வலுவூட்டியது. ஓமோன் என்ற சொல் வழங்கத் தொடங்குமுன்னரே ஓமோனின் செயல் இவ்வாறு புலப்படுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூயோர்க்கில் ரொபேர்ட் மொரிஸ் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் பெண்களுக்குச் சூலக ஒட்டுச் செய்யத் தொடங்கினார். பிறிதொருத்தியின் சூலக இழையத்தைப் பெற்ற ஒரு பெண் குழந்தை ஈன்றதாக 1906 இல் அவர் அறிவித்தார். ஆனால், அப்பெண்ணின் சொந்தச் சூலகத்தின் எச்சம் உடலில் இருந்திருக்கலாம் என்ற ஐயம் அவ்வறிவிப்பை விட்டு நீங்கவில்லை. பிறந்த உயிர் ஒட்டிலிருந்து வந்ததா, எச்சத்திலிருந்து வந்ததா என்னும் இவ்வினா இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதைப் பின்னர்க் காண்போம்.

2. குளிரும் கிளிசரோலும்

உயிருள்ள கலத்தைக் கொல்வது குளிரன்று, பனிக்கட்டியே. கலத்தினுள் நீர் பளிங்காகும்போது உள்ளமைப்புகள் சிதைகின்றன. வெளியில் மட்டும் பளிங்கு தோன்றினும், எஞ்சிய நீரில் உப்பின் செறிவு மிகுந்து கலத்தைத் தாக்குகின்றது. இவ்விரு இடர்களுக்கும் இடையில் வழி காணப்பட்டது ஒரு தற்செயல் நிகழ்ச்சியினாலேயாகும். இலண்டன் மில்ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்தோபர் பொல்ஜ், ஓட்ரி ஸ்மித், அலன் பார்க்ஸ் ஆகியோர் சேவலின் விந்தை உறைய வைக்க முயன்றுகொண்டிருந்தனர். பழவெல்லக் கரைசல் எனக் கருதி அவர்கள் எடுத்த போத்தலில் உண்மையில் இருந்தவை கிளிசரோலும் புரதமுமாகும். அக்கரைசலில் உறைந்த விந்துக்கலங்கள் உருகியபின் மீண்டும் அசைந்தன. இம்முடிவு 1949 இல் வெளியிடப்பட்டது.

தற்செயல் நிகழ்ச்சியைக் கண்டுபிடிப்பாக மாற்றியது, அதனை விடாது பின்தொடர்ந்த அவர்களது முயற்சியே. பார்க்சும் ஸ்மித்தும் அம்முறையைத் தனிக்கலத்திலிருந்து இழையத்துக்கு விரித்தனர். கிளிசரோலில் ஊறவைத்து, பூச்சியத்துக்குக் கீழே 79 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட எலிச்சூலகத் துண்டுகள் ஒட்டப்பட்டபின் மீண்டும் வளர்ந்ததை 1953 இல் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இதன் முக்கியத்துவத்தை உணர, அக்காலத்து மற்றொரு முடிவையும் நோக்குதல் வேண்டும. பாலூட்டியின் சூலகத்திலுள்ள முட்டைகள் பிறப்பின் பின்னர்ப் புதிதாகத் தோன்றுவதில்லை என்று 1951 இல் சொலி சுக்கர்மன் நிறுவ முற்பட்டார். அவ்வாறாயின் இழந்த முட்டை ஈடுசெய்ய முடியாதது. பேணிவைத்தல் ஒன்றே வழி. ஆயினும், 1956 இல் கிரீன், ஸ்மித், சுக்கர்மன் ஆகியோர் உறைந்து உருகிய ஒட்டுகளில் முட்டைகளை எண்ணியபோது, அவற்றுட் பெரும்பாலானவை அழிந்து சிறுபகுதியே எஞ்சியிருந்தமை தெரியவந்தது. அச்சிறுபகுதியும் பயனற்றதன்று என்பதை 1960 இல் டெல்பின் பரட் காட்டினார். உறைந்த சூலக இழையத்தை அதற்குரிய இயல்பான இடத்தில் ஒட்டப்பெற்ற சுண்டெலிகள் குட்டிகளை ஈன்றன. கொள்கையளவில் நுட்பம் அன்றே முழுமை பெற்றுவிட்டது எனலாம்.

3. முப்பதாண்டு உறக்கம்

1960 க்குப் பின்னர் ஏற்பட்ட தேக்கத்துக்குக் கருவிகளின் குறைபாடு மட்டும் காரணமெனக் கொள்ளல் பொருந்தாது. இருமெதயில் சல்பொட்சைட்டு என்னும் சிறந்த காப்புப் பொருளை 1959 இலேயே லவ்லொக்கும் பிஷப்பும் அறிமுகஞ் செய்திருந்தனர். குளிர்விக்கும் வேகத்துக்கும் கலத்தினின்று நீர் வெளியேறுவதற்குமுள்ள தொடர்பை 1963 இல் பீற்றர் மேசர் கணித முறையில் விளக்கினார். 1972 இல் விற்றிங்கம், லீபோ, மேசர் ஆகியோர் உறைந்த சுண்டெலி முளையங்களிலிருந்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றனர். கருவியும் கோட்பாடும் வளர்ந்துகொண்டேயிருந்தன. ஆனால் அவை முளையத்தையும் விந்தையும் நோக்கியே சென்றன. பசுவளர்ப்போருக்கு விந்து வேண்டியிருந்தது. மலட்டுத்தன்மைச் சிகிச்சை செய்வோருக்கு முளையம் வேண்டியிருந்தது. சூலக இழையத்தைக் கேட்பார் இருக்கவில்லை.

அத்தேவையைப் பிறப்பித்தது புற்றுநோய்ச் சிகிச்சையாகும். ஒட்ஜ்கின் நோய் முதலியவற்றைக் கூட்டு மருந்துகளால் குணப்படுத்தும் முறை 1970 அளவில் உறுதிபெற்றது. இளம்பெண்கள் உயிர் பிழைத்தனர். ஆனால் அம்மருந்துகளுட் சில சூலகத்தை அழித்தன. உயிரைக் காத்தபின் உயிரீனும் ஆற்றலைக் காப்பது எவ்வாறு என்ற வினா அதன் பின்னரே எழுந்தது. 1994 இல் எடின்பரோவில் ரொஜர் கொஸ்டனும் உடனாய்வாளரும் செம்மறியாட்டின் சூலகத் துண்டுகளைத் திரவ நைதரசனின் வெப்பநிலையான பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையிற் பேணி, அதே ஆட்டின் உடலில் ஒட்டி ஆட்டுக்குட்டி பெற்றனர். ஆட்டின் சூலகம் அளவிலும் நார்த்தன்மையிலும் மனிதச் சூலகத்தை ஒத்ததாகலின் இம்முடிவு மனித மருத்துவத்துக்கு நேரே வழி திறந்தது.

பெல்ஜியத்தில் ஜாக் டொனே, 1997 இல் உறையவைத்த இழையத்தை ஒட்ஜ்கின் நோயினின்று மீண்ட பெண்ணொருத்திக்கு மீள ஒட்டியதன் பின், 2004 இல் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடலில் எஞ்சியிருந்த சூலகமே அம்முட்டையைத் தந்திருக்கலாம் என்று சிலர் மறுத்துரைத்தனர். மொரிசை நோக்கி எழுந்த அதே ஐயம் நூறாண்டின் பின் மீண்டும் எழுந்தது. அடுத்த ஆண்டில் இஸ்ரேலிலிருந்து வந்த மற்றொரு பிறப்பும், பின்னர்த் தொடர்ந்த பல பிறப்புகளும் அவ்வையத்தின் வலிமையைக் குறைத்தன. 2019 இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இம்முறையைச் சோதனை நிலையினதாக இனிக் கருதவேண்டியதில்லை என அறிவித்தது.

4. பூனையின் இடம்

இவ்வரலாற்றிற் பூனை இரு வகையில் நுழைகின்றது. முதலாவது, அதன் இழையம் எளிதிற் கிடைக்கின்றது. வீட்டுப் பூனைகளுக்கும் தெருப்பூனைகளுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும்போது அகற்றப்படும் சூலகங்கள் வீசப்படுவனவே. இரண்டாவது, சிறுத்தை, புலி முதலிய அருகிவரும் பூனைக் குடும்பத்து விலங்குகளுக்கு இப்பூனையே மாதிரியாக அமைகின்றது. பெருகாதிருத்தற்பொருட்டு ஒன்றிலிருந்து அகற்றப்படும் உறுப்பு, பெருக முடியாது அழியும் மற்றொன்றைக் காக்கும் வழியைக் கற்பிக்கின்றது.

பூனையின் முட்டையை உடலுக்கு வெளியே கருக்கட்டி 1988 இல் குட்டிகள் பெறப்பட்டன. 1990 இல் அம்முறையாற் புலிக்குட்டிகள் பிறந்தன. 1999 இல் ஆபிரிக்கக் காட்டுப்பூனையின் உறைந்த முளையம் வீட்டுப் பூனையின் கருப்பையில் வளர்ந்து குட்டியாயிற்று. ஆனால் இவையனைத்துக்கும் முதிர்ந்த முட்டை வேண்டும். திடீரென இறந்த விலங்கிலும், பருவமடையாத குட்டியிலும் முதிர்ந்த முட்டை கிடைப்பதரிது. அவற்றிலும் சூலகத்தின் புறணியிற் செறிந்து கிடப்பவை ஆதிப் புடைப்புகளாகும். இவை மிகச் சிறியவை, உறங்குநிலையிலுள்ளவை. ஆதலின் குளிரை ஒப்பீட்டளவில் நன்கு தாங்குபவை.

இவ்விடத்திலேயே பூனையினத்துக்குரிய தனிச்சிக்கல் எழுகின்றது. மனிதரிலும் ஆட்டிலும் இழையம் எவ்வுடலினின்று எடுக்கப்பட்டதோ அவ்வுடலுக்கே மீள்கின்றது. ஆகவே நிர்ப்பீடனம் அதனை எதிர்ப்பதில்லை. மிருகக்காட்சிச்சாலையில் இறந்த சிறுத்தையின் இழையத்துக்கோ மீளுவதற்கு உடல் இல்லை. வேறோர் உடலில் ஒட்டினால் அது புறந்தள்ளப்படும். 1983 இல் விவரிக்கப்பட்ட, நிர்ப்பீடனமற்ற சுண்டெலி வகையே இதற்கு ஒருவாறு வழிகாட்டியது. 1994 இல் கொஸ்டனும் உடனாய்வாளரும் பூனையினதும் ஆட்டினதும் புதிய சூலக இழையங்களை இத்தகைய சுண்டெலிகளின் சிறுநீரக உறையின் கீழ் ஒட்டிப் புடைப்புகள் வளர்வதைக் கண்டனர். உறைந்து உருகிய பூனையிழையத்திலும் குழியுடைய பெரும்புடைப்புகள் தோன்றுவது 2004 இல் அறிவிக்கப்பட்டது. இங்கு நிறுவப்பட்டது புடைப்பின் உயிர்ப்பும் வளர்ச்சியுமேயன்றிக் குட்டியின் பிறப்பன்று. ஒட்டுக்குட் புதிய குருதிக்குழாய்கள் படரும்வரை ஒட்சிசன் இன்றிப் பல புடைப்புகள் மடிகின்றன. பிழைத்தவற்றின் முட்டை முழுத்தகுதி பெறுவதும் எளிதன்று. இவ்விடர்கள் தீரும்வரை காட்டுவிலங்கின் சூலகத்தை உறையவைத்தல், பின்வருவோரின் திறமையை நம்பிச் செய்யும் வைப்பாகவே அமையும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு நுட்பம் வளர்வது அது இயலும் என்பதனால் மட்டுமன்று. அதனை வேண்டுவோர் இருப்பதனாலுமாகும். 1960 இல் சுண்டெலியில் நிறைவேறியது, நோயினின்று மீண்ட பெண்கள் வினவும்வரை காத்திருந்தது. வினவ இயலாத விலங்கின் பொருட்டு அவ்வினாவை எழுப்ப வேண்டியவர் மனிதரே. நுட்பம் மனிதருக்கு விரைந்தும் பூனையினத்துக்கு மெல்லவும் சென்றமைக்கு உடலியற் காரணத்தோடு இதுவும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது, பேணப்படுவது இழையமேயன்றி வாழ்வன்று. சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை என நால்வகைப் பூனையினங்கள் வாழும் இலங்கைக்கும் இது பொருந்தும். மீன்பிடிப் பூனையின் சூலகத்தை நைதரசனில் நூறாண்டு வைத்திருத்தல் கூடும். அது வேட்டையாடும் சதுப்புநிலத்தை அவ்வாறு வைத்திருத்தல் கூடாது. நிலம் அழிந்தபின் குட்டி பிறப்பினும் அது சென்று வாழ இடமிராது. ஆதலின், உறைநிலையில் வைக்கப்படும் சூலகம் காட்டைக் காப்பதற்குத் துணையாகலாமேயன்றி அதற்கு ஈடாதல் இயலாது.